மூன்று வாரம் ஜெர்மனி போகும் மகளுக்கு கல்ஃப் கணக்கு வேண்டாம்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பொறியியல் முடித்து, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு ஜெர்மன் கம்பெனியின் இந்தியக் கிளையில் 2 வருடமாக வேலை பார்க்கிறாள். காலையில் குழித்துறையில் ரயில் ஏறினால் ராத்திரிதான் வீடு. இப்போது கம்பெனி அவளை 3 வாரத்துக்கு ஜெர்மனி ஆபீஸுக்கு அனுப்புகிறது. அவள் வந்த பிறகு அங்கிருந்து ஒருவர் இங்கே வருவாராம். "விசாவுக்கு நாங்கள் எவ்வளவு கட்ட வேண்டிவரும்? அங்கேயே வேலை போட்டுத் தருவார்களா? இல்லை, பிள்ளையைத் திரும்பி வர விடாமல் பிடித்து வைத்துக்கொள்வார்களா?" என்று கேட்கிறார். பெண்ணின் அப்பா சவூதியில் 18 வருடம் இருந்தவர். "டிக்கெட்டும் ரூமும் எவன் சும்மா தருவான்?" என்பது அவருடைய சந்தேகம். போவதற்கு முன் எதிலாவது கையெழுத்து வாங்குவார்களா என்றும் கேட்கிறார்.

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புதிதில்லை. நம் குமரி மாவட்டத்தில் வெளிநாடு என்றாலே கல்ஃப்தான். ஏஜென்டுக்குப் பணம், விசா அடிப்பது, போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளி, 2 வருடம் கழித்து லீவு. உங்கள் வீட்டுக்காரர் பார்த்ததும் பட்டதும் அது. அந்தக் கணக்கை இதில் போட்டால் ஒன்றுமே பொருந்தாது. உங்கள் மகள் அங்கே வேலைக்குப் போகவில்லை. வேலை செய்யும் இடத்தைப் பார்த்துவிட்டு வரப் போகிறாள். சம்பளம் இங்கேதான் ஏறும். வேலையும் இங்கேதான்.

விசாவும் அதற்கேற்றதுதான். பிசினஸுக்கான குறுகிய கால ஷெங்கன் விசா, அதாவது ஜெர்மனியோடு பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா எடுப்பார்கள். எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. மீட்டிங், பயிற்சி, ஆபீஸைச் சுற்றிப் பார்ப்பது, இவ்வளவுதான் அதில். அங்கேயே வேலையில் சேர வேண்டுமென்றால் அதற்கு வேறு விசா, வேறு பேச்சு. விசா கட்டணம் 90 யூரோ. அதையும் டிக்கெட்டையும் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸையும் கம்பெனிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். யாராவது உங்களிடம் விசாவுக்கென்று பணம் கேட்டால், அந்த இடத்தில் மட்டும் உங்கள் வீட்டுக்காரரின் சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி. மகளை நேரே கம்பெனியின் எச்.ஆரிடம், அதாவது பணியாளர் விஷயங்களைப் பார்க்கும் பிரிவில் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் காலத்து எமிகிரேஷன் கிளியரன்ஸும், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக நம் அரசிடம் வாங்கும் அனுமதியும் இங்கே தேவைப்படாது. அது குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. அந்தப் பட்டியலில் ஜெர்மனி இல்லை.

கையெழுத்து விஷயத்தில் அவர் கேட்டது நல்ல கேள்வி. அனுப்புவதற்கு முன் சில கம்பெனிகள், "திரும்பி வந்து இத்தனை மாதம் இருப்பேன், இல்லையென்றால் செலவைக் கட்டுவேன்" என்று எழுதி வாங்குகின்றன. அதில் எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்ற இரண்டையும் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடட்டும். 3 வாரப் பயணத்துக்கு 2 வருடம் கட்டிப்போட்டால் நானாக இருந்தால் பேரம் பேசுவேன். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

இனி மகளுக்கு. நீங்கள் இதைப் படித்துக் காட்டலாம்.

மோளே, 2 வருடமாக நீ மெயிலில் மட்டும் பார்த்த பெயர்கள் இருக்குமே, அவர்களின் மேஜைக்குப் பக்கத்தில் உட்காருவதற்குத்தான் இந்தப் பயணம். நமக்குச் சாயங்காலம் 7 மணி என்றால் அவர்களுக்கு வெயில் காலத்தில் பிற்பகல் மூன்றரை, குளிர் காலத்தில் இரண்டரை. இத்தனை நாள் நீ ஓடிப்போய் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் பேசிய போன் கால்களை, அவர்கள் சாப்பிட்டு முடித்துத் தெம்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார். ஒரு முடிவை யார் எடுக்கிறார், அது உன் கம்ப்யூட்டரில் 'டிக்கெட்' என்ற வேலைக் குறிப்பாக வந்து விழுவதற்கு முன் எத்தனை பேரைத் தாண்டி வருகிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

ஒன்று சொல்கிறேன், இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள். நம் ஊரில் "சரி, பார்க்கலாம்" என்றால் பாதி நேரம் முடியாது என்றுதான் அர்த்தம். கேட்பவருக்கும் அது தெரியும். ஜெர்மன்காரருக்கு அது தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டு நீ தலையை ஆட்டினால் அவர் வெள்ளிக்கிழமை என்று எழுதி வைத்துக்கொள்வார். முடியாது என்றால் முடியாது, செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்று சொல். அவர் முகம் சுளிக்க மாட்டார். புரியாததைக் கேள். அவர்களும் உன் வேலையில் குறை கண்டால் நேராகவே சொல்வார்கள். திட்டுகிறார்கள் என்று நினைத்து ரூமில் போய் அழாதே, அது அவர்கள் பேசும் விதம்.

சில வருடங்களுக்கு முன் தக்கலைப் பக்கத்துப் பையன் ஒருவன் ரெசுமேயோடு என்னிடம் வந்தான். முதல் வரியிலேயே 'ஜெர்மனி அனுபவம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தான். எத்தனை நாள் என்றேன். 16 நாள். திரும்பி வந்து உன் டீமில் எதை மாற்றினாய் என்று கேட்டேன். போனை எடுத்து ஒரு கோட்டையின் படத்தைக் காட்டினான். அழகான கோட்டைதான், சந்தேகமில்லை. அந்த வரியை அடிக்கச் சொன்னேன். நீ தினமும் ராத்திரி அரைப் பக்கம் எழுதி வை: இன்று யாரைப் பார்த்தேன், நம் ஆபீஸில் இல்லாத எதைப் பார்த்தேன். ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே மேனேஜரிடம் 20 நிமிஷம் கேட்டு, அதைச் சொல். அடுத்த தடவை யாரை அனுப்பலாம் என்ற பேச்சில் உன் பெயர் அப்படித்தான் வரும்.

பேட்டா தருவார்கள். உன் அப்பா ரியாலைச் சேர்த்த மாதிரி அதைச் சேர்க்கப் பார்க்காதே. 3 வாரமும் பிரெட்டும் ஜாமுமாக ஓட்டி உடம்பைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். பில்களைப் பத்திரமாக வை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடு.

அம்மா, இதற்குள் மூட்டை கட்டத் தொடங்கியிருப்பீர்கள். இறைச்சியும் பாலில் செய்த எதுவும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை. பீஃப் ரோஸ்டும் நெய்யும் பால்கோவாவும் கூடாது. நேந்திரங்காய் சிப்ஸ் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள், ஆபீஸில் எல்லோருக்கும் கொடுக்கட்டும், முதல் நாள் பேச்சே அதில்தான் தொடங்கும். வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான பழங்களுக்குச் சான்றிதழ் கேட்பவர்கள் வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் கேட்பதில்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டிப்பழம்கூடப் போகலாம், நசுங்காமல் போய்ச் சேர்ந்தால். மீனுக்கும் தடையில்லை. ஆனால் கருவாட்டை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள், ஓட்டல் ரூமில் அதைச் சுட்டால் ஃபயர் அலாரம் அடித்துவிடும்.

அப்புறம், கல்யாணத் தரகரிடம் "பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை" என்று சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை அப்படிச் சொன்ன வீட்டில், மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தன்று விசா காப்பியைக் கேட்டார்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். பீரோவில் இருக்கும் அவள் பாஸ்போர்ட்டை எடுத்து, அது எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் மீதி இருக்க வேண்டும். கொடுத்து 10 வருடம் தாண்டியிருக்கக் கூடாது, 2 பக்கம் காலியாக இருக்க வேண்டும். இதில் ஏதாவது இடித்தால் நாளைக்கே புதுப்பிக்கப் போடுங்கள், விசா தேதியெல்லாம் அதற்குப் பிறகுதான்.