துணி குடுத்தா பூதம் ஏன் வேலைய விட்டுப் போகுது?

வணக்கம் சார்,

ஹாரி பாட்டர்ல டாபிங்கற வேலைக்காரக் குட்டிச்சாத்தானுக்கு ஒரு சாக்ஸ் கிடைச்சதும் விடுதலை ஆயிடும்ல, அது கற்பனைன்னுதான் நெனச்சிருந்தேன். இங்கிலாந்தோட பழைய கதைங்கள்லயே இது இருக்குன்னு நண்பர் ஒருத்தர் சொல்றார். அதோட, இந்த மாதிரி வீட்டுக் குட்டிச்சாத்தான்கள் எல்லாம் கிறிஸ்தவத்துக்கு முந்தின வீட்டுத் தெய்வங்க, சர்ச்தான் பேயாக்கிடுச்சுன்னும் சொல்றார். நிஜமா?

ஒரு வாசகர்

வணக்கம்.

முதல் விஷயத்துல நண்பர் சொன்னது சரி. கென்ட் பக்கத்து ரெஜினால்ட் ஸ்காட்னு ஒருத்தர், சூனியக்காரின்னு சொல்லி கெழவிங்கள தூக்குல போடுறத எதிர்த்து 1584ல பெரிய புத்தகம் ஒண்ணு போட்டார், அதுல போறபோக்குல ராபின் குட்ஃபெலோங்கற வீட்டுப் பூதம் வர்றான். அவரோட வாசகர்களோட பாட்டி காலத்து வேலைக்காரப் பொண்ணுங்க அவனுக்கு ஒரு கிண்ணம் பால் வைப்பாங்க, அவன் நடுராத்திரில மால்ட்டும் கடுகும் அரைச்சு, வீட்டையும் பெருக்கிட்டுப் போவான்ங்கறார். வெள்ளை ரொட்டியும் பாலும்தான் அவனுக்கு வழக்கமான கூலி. அதுக்கு மேல துணி வச்சா போச்சு, கோவம் வந்து இனிமே இங்க கால் வைக்க மாட்டேன்னு பாட்டாவே பாடிட்டுக் கெளம்பிடுவான்.

தெய்வம் மேட்டர்தான் எனக்கு ஒட்டல. ரோமானியங்க வீட்டுல லாரெஸ்னு குடும்பத் தெய்வங்கள வச்சு கும்பிட்டது உண்மை, ஆனா அங்கேர்ந்து ராபின் வரைக்கும் வர்ற பாலத்த யாரும் காட்டல. டில்பரி ஊர் கெர்வாஸ் 1210கள்ல போர்ட்யூன்ஸ்னு சில வீட்டுப் பூதங்களப் பத்தி எழுதறார் பாருங்க, சுருங்குன கெழட்டு மூஞ்சி, ஒட்டுப்போட்ட சட்டை, ஆளு ரொம்பக் குட்டி, விவசாயி வீட்டுல கூடமாட வேலை செய்யும், ராத்திரி அடுப்புகிட்ட உக்காந்து தவளைய சுட்டுத் திங்கும், தனியா குதிரைல போறவன் கெடச்சா கடிவாளத்தப் புடிச்சு சேத்துல எறக்கிவிட்டுட்டு சிரிச்சுக்கிட்டே ஓடிடும். இதுல எங்க சார் தெய்வம்? வேலையும் குறும்பும்தான் இருக்கு.

என்னக் கேட்டா, இதுங்க பண்ணைவீட்டு வேலைக்காரங்களோட நெழல். அங்க வேலையாளுங்க வீட்டோட தங்கி, சாப்பாடும் பல எடத்துல துணியும் கூலியா வாங்குனவங்க. லிங்கன்ஷயர்ல ஒரு கதை. அங்க பூதம் துணிய வேண்டாம்னு சொல்லல, வருஷா வருஷம் ஒரு லினன் சட்டை வாங்கிட்டு ஒழுங்கா வேலை பாத்துச்சு, ஒரு வருஷம் கஞ்சப் பண்ணையார் முரட்டுச் சணல் துணிய வச்சதும்தான் போச்சு, லினன் குடுத்திருந்தா இன்னும் பல வருஷம் உழைச்சிருப்பேன்னு சொல்லிட்டே போச்சு. சுத்தமான கூலித் தகராறு! சண்டர்லாண்ட் பக்கம் ஹில்டன் கோட்டைல இருந்தது இன்னும் வெளிப்படை, எசமான் கையால செத்த லாயக்காரப் பையனோட ஆவின்னே சொல்றாங்க. அடுக்கி வச்சா கலைக்கும், கலைஞ்சு கிடந்தா அடுக்கும். வேலைக்காரங்க பச்சைக் கலர்ல அங்கி தச்சு வச்சப்பறம்தான் போச்சாம்.

குறும்பும் இதே எடத்துலதான். தயிர் கடைஞ்சு கடைஞ்சு வெண்ணெ தெரளல, பீர் நுரைக்கல, பால்ல ஆடையக் காணோம்னா பழிய யார் மேலயாவது போடணும்ல, ஷேக்ஸ்பியர் நாடகத்துல வர்ற பக்ங்கற குறும்புப் பூதம் மேல வர்ற புகாரே இதுங்கதான். (ஆடைய எடுத்தது யாருன்னு அந்த வேலைக்காரப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்.)

பேயாக்குனதுன்னு பாத்தா ஒரு ராஜாவே மாட்டுவார். ஸ்காட்லாந்து ஆறாம் ஜேம்ஸ், 1597ல எழுதுன பேய்ப் புத்தகத்துல, எந்தக் கெடுதலும் பண்ணாம வீட்டு வேலை செஞ்ச பிரௌனிங்கற ஸ்காட்லாந்து பூதத்தக்கூட சாத்தான் கணக்குல எழுதிட்டார்.

அப்பறம் லங்காஷயர், யார்க்ஷயர் பக்கத்து பாகர்ட்ங்கற தொல்லை பண்ற வீட்டுப் பூதம். தொல்லை தாங்காம ஒரு குடும்பம் வண்டில சாமான் ஏத்திக்கிட்டுக் கெளம்புது, பக்கத்து வீட்டுக்காரர் காலி பண்றீங்களான்னு கேக்க, வெண்ணெக் கடையற பீப்பாக்குள்ளேர்ந்து, ஆமா, காலி பண்றோம்னு ஒரு கொரல், அவங்க வண்டிய அப்படியே திருப்பிட்டாங்க. டென்மார்க்ல நிஸ்ஸேங்கற வீட்டுப் பூதத்துக்கும் இதே கதை இருக்கு. இதக் கேட்டதும் நண்பர் வைக்கிங் கொண்டுவந்ததுன்னு ஆரம்பிப்பார், இங்கிலாந்துல இது அச்சுல வந்தது 19ஆம் நூற்றாண்டுலதான், அதுமேல ஆயிரம் வருஷத்த ஏத்தாதீங்கன்னு சொல்லுங்க.