சர்வர் ஏன் மறுக்கிறது? பெங்களூர் அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

சங்கம், வாசகர் வட்டம், கடை, பள்ளி என்று ஏதோ ஒன்றுக்காகச் சொந்தமாக லினக்ஸ் சர்வர் வைத்து நடத்தும் பெங்களூர்த் தமிழர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்வர் நிர்வாகம்தான் என் தொழில். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எதை எதையோ மாற்றிப் பார்த்துவிட்டேன்" என்றுதான் முடிகின்றன. மாற்றுவதற்கு முன், சர்வர் தன் பிழைகளை எழுதிவைக்கும் லாக் கோப்பைப் படித்தவர்கள் மிகச் சிலர். அதனால் ஏறக்குறைய ஒவ்வொரு பதிலிலும் உங்களை அங்கேதான் அழைத்துப் போகப் போகிறேன்.

கேள்வி (அல்சூர், வாசகர் வட்டச் செயலாளர்): வணக்கம் அக்கா. எங்கள் வட்டத்துக்காக உபுண்டு 24.04 (லினக்ஸின் ஒரு வகை) சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளும், தளம் நடத்தும் வேர்ட்பிரஸும் நிறுவினேன். தளத்தைத் திறந்தால் 403 (அனுமதி இல்லை என்ற பிழை) வருகிறது. ஒரு காணொளியில் சொன்னபடி தளத்தின் கோப்புறைக்கு 777 அனுமதி (யாரும் படிக்கலாம், எழுதலாம், நுழையலாம்) கொடுத்தேன். அப்படியும் 403தான். கோப்புகள் எல்லாம் என் பயனர் கணக்குக்கு உரிய ஹோம் கோப்புறைக்குள் இருக்கின்றன.

பதில்: உங்கள் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. ஆனாலும் அதை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். /வார்/லாக்/என்ஜின்எக்ஸ் என்ற இடத்தில் எரர்.லாக் என்ற கோப்பு இருக்கும். தளத்தை ஒருமுறை திறந்துவிட்டு அதன் கடைசி வரியைப் பாருங்கள். 13 என்ற எண்ணுடன் அனுமதி மறுக்கப்பட்டது என்று எழுதி, எந்தக் கோப்பைத் தொட முயன்றபோது மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கும்.

லினக்ஸில் ஒரு கோப்பை அடைய வேண்டுமானால், அதற்குப் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் நுழைய அனுமதி வேண்டும். உபுண்டு 21.04 முதல், புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைகள் 750 அனுமதியுடன் பிறக்கின்றன. உரிமையாளருக்கு எல்லாம் உண்டு. குழுவினர் படிக்கலாம், நுழையலாம். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. என்ஜின்எக்ஸ் இயங்குவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனர் பெயரில். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது மூன்றாம் மனிதர். தெருக்கதவு பூட்டியிருக்கும்போது உள் அறையை விரியத் திறந்து வைத்து என்ன பயன்? நேம்ஐ என்ற கட்டளையை எல் என்ற தேர்வுடன் (namei -l) கொடுத்தால், வேர் முதல் கோப்பு வரை வழியில் உள்ள ஒவ்வொரு கதவின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். இருபது நிமிடக் குழப்பத்தை ஒரே பார்வையில் தீர்க்கும் கட்டளை அது. ஏனோ பலருக்குத் தெரிவதில்லை.

தீர்வு, கோப்புகளை /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ என்ற இடத்துக்கு நகர்த்துவது. ஹோமைத் திறந்துவிடாதீர்கள், சர்வருக்குள் நுழையும் உங்கள் சாவிக் கோப்புகளும் சொந்தக் கோப்புகளும் அங்கே இருக்கின்றன.

இப்போது அந்த 777. அதை இன்றே திரும்பப் பெறுங்கள். அந்த இயந்திரத்தில் இயங்கும் எந்த நிரலும் உங்கள் தளத்தின் கோப்புகளைத் திருத்தலாம் என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம் அது. கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644, தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் அமைப்புக் கோப்புக்கு 640 போதும். 640 வைக்கும்போது அதன் குழு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேர்ட்பிரஸே அதைப் படிக்க முடியாது. கோப்புகள் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பெயரில் வைத்து, படங்கள் சேரும் கோப்புறையை மட்டும் வெப் சர்வருக்குக் கொடுப்பதே கட்டுக்கோப்பான முறை. ஆனால் அப்படிச் செய்தால் வேர்ட்பிரஸ் தானாகப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. வாரம் ஒருமுறை உள்ளே நுழைந்து புதுப்பிக்க உங்கள் வட்டத்தில் ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் மொத்தத்தையும் வெப் சர்வர் பெயரிலேயே விட்டுவிடுங்கள். புதுப்பிக்காமல் கிடக்கும் தளம் அதைவிடப் பெரிய ஆபத்து.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): அக்கா, உபுண்டு 22.04-இல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளம், 24.04-க்கு மாற்றியதும் 502 (பின்னால் உள்ள நிரலிடமிருந்து சரியான பதில் இல்லை என்ற பிழை) காட்டுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. தளத்தின் நிரலை இயக்கும் மொழி பிஎச்பி. 22.04-உடன் வந்தது பிஎச்பி 8.1, 24.04-உடன் வருவது 8.3. என்ஜின்எக்ஸும் பிஎச்பியும் பேசிக்கொள்ளும் சாக்கெட் கோப்பின் பெயரிலேயே இந்தப் பதிப்பு எண் இருக்கிறது. உங்கள் என்ஜின்எக்ஸ் இல்லாத 8.1-இன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. எரர்.லாக் அந்தக் கோப்பின் பெயரையே எழுதி, அது இல்லை என்று சொல்லும். /ரன்/பிஎச்பி கோப்புறையில் இப்போது என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்து, தளத்தின் அமைப்புக் கோப்பில் மாற்றுங்கள். மீண்டும் தொடங்குவதற்கு முன் என்ஜின்எக்ஸின் சோதனைக் கட்டளையை ஓட்டிப் பிழை இல்லை என்று உறுதி செய்யுங்கள். மைஎஸ்கியூஎல், எம்பிஸ்ட்ரிங், எக்ஸ்எம்எல், கர்ல், ஜிடி ஆகிய பிஎச்பி இணைப்புகளையும் 8.3-க்கு உரியவையாக மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம். தமிழ்த் தளத்துக்கு எம்பிஸ்ட்ரிங் மிக முக்கியம். அது இல்லாமல் வாக்கியத்தைச் சுருக்கினால் எழுத்து நடுவில் வெட்டுப்படும்.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): மேடம், 2009 முதல் நடத்திவந்த எங்கள் கவிதைத் தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். கட்டுரைப் பகுதியில் தமிழ் போய், தலையில் கோடிட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வருகின்றன. கருத்துரைப் பகுதியில் வெறும் கேள்விக்குறிகள். பதினைந்து ஆண்டு உழைப்பு. போய்விட்டதா?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். முதலில் ஆறுதலான செய்தி: கட்டுரைகள் பத்திரமாக இருக்கின்றன.

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் எடுத்துக்கொள்ளும். முதல் பைட்டு எப்போதும் ஒன்றுதான்: பதினாறடிமான எண்முறையில் இ0 (E0). இரண்டாவது ஏஇ (AE) அல்லது ஏஎஃப் (AF). இந்தப் பைட்டுகளை லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய எழுத்துமுறை) என்று தவறாக நினைத்துப் படித்தால், முதலாவது தலையில் கோடிட்ட ஏ ஆகவும், ஏஇ என்பது வட்டத்துக்குள் ஆர் ஆகவும் தெரியும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். தரவுத்தளத்தின் பழைய அட்டவணைகள் லத்தீன்-1 என்று பெயரளவில் அறிவிக்கப்பட்டிருக்க, உள்ளே தமிழ்ப் பைட்டுகள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பழைய நிரலும் அதே தவறான கண்ணாடியை அணிந்திருந்ததால் இத்தனை நாள் சரியாகத் தெரிந்தது.

கேள்விக்குறிகளுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, தரவு நன்றாக இருந்து, இணைப்பு மட்டும் லத்தீன்-1-இல் இருப்பதால் காட்ட முடியாமல் கேள்விக்குறி போடுவது. மற்றொன்று, எழுதும்போதே கேள்விக்குறியாக மாறிப் பதிவாகிவிட்டது. திரையைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில், பைட்டுகளை இத்தகைய எண்களாகவே காட்டும் ஹெக்ஸ் என்ற செயற்கூறை வைத்து அந்தக் கருத்துரைகளில் ஒன்றைப் படியுங்கள். இ0ஏஇ என்று தொடங்கினால் உயிர் இருக்கிறது. 3எஃப் 3எஃப் என்று வரிசையாக வந்தால் அது உண்மையிலேயே கேள்விக்குறி. அந்தத் தரவுத்தளத்திலிருந்து மீட்க வழியில்லை, பழைய காப்புநகலைத் தேட வேண்டும். அதனால் பழைய சர்வரை இப்போதைக்கு ரத்து செய்யாதீர்கள்.

கட்டுரைகளை மீட்க: பழைய தரவுத்தளத்தை மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கருவி மூலம் வெளியே எடுக்கும்போது, இணைப்பின் எழுத்துமுறை லத்தீன்-1 என்றே குறிப்பிடுங்கள். அப்போதுதான் அது எழுத்துமுறையை மாற்றாமல் பைட்டுகளை அப்படியே கொடுக்கும். கிடைத்த கோப்பைத் திறந்தால் தமிழ் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால், அதில் லத்தீன்-1 என்று இருக்கும் அறிவிப்புகளை மட்டும் யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, காலியான புதிய தரவுத்தளத்தில் ஏற்றுங்கள். நேரடியாக அசல் தரவுத்தளத்தில் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்ற பழைய பெயர் மூன்று பைட்டு வரைதான் ஏற்கும். தமிழுக்கு அது போதும். ஆனால் நான்கு பைட்டு தேவைப்படும் ஒரு எமோஜியை வாசகர் கருத்துரையில் போட்டால், பிழை வரும் அல்லது அந்த இடத்திலிருந்து உரை துண்டாகும். அந்தக் குறையைத் தீர்க்க 2010-இல் வந்ததுதான் யூடிஎஃப்8எம்பி4.

கேள்வி (சிக்பேட், துணிக்கடை): கடையின் பில் மென்பொருள் சர்வரில் இருக்கிறது. வீட்டிலிருந்தும் தரவுத்தளத்தைப் பார்க்க 3306 போர்ட்டை (தரவுத்தளம் வெளித்தொடர்புக்கு வைத்திருக்கும் வாசல்) திறந்துவிடச் சொன்னார் நண்பர். திறக்கலாமா?

பதில்: கூடாது. உலகம் முழுவதும் அந்தப் போர்ட்டைத் தேடி அலையும் நிரல்கள் பகலிரவாக ஓடுகின்றன. சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்எச் வழியாகச் சுரங்கம் அமைத்துப் பாருங்கள், தரவுத்தளம் 127.0.0.1-இல் (அதே கணினிக்குள்) மட்டும் கேட்கட்டும். ஃபயர்வாலை இயக்கும் முன் எஸ்எஸ்எச் பயன்படுத்தும் 22-ஆம் போர்ட்டை அனுமதித்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் நீங்களே வெளியே நிற்பீர்கள். மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரில் தரவுத்தளம் ஓடினால் இன்னொரு எச்சரிக்கை: டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலின் விதிகளைத் தாண்டிப் போய்விடும். மூடிவிட்டோம் என்று நம்பியிருப்பீர்கள், அது திறந்திருக்கும். டாக்கரின் அமைப்பிலேயே போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 என்று எழுதுங்கள்.

கேள்வி (ஜாலஹள்ளி, ஓய்வுபெற்றவர்): அம்மா, எஸ்.பி. ரோட்டில் பழைய கணினி ஒன்று வாங்கி, டெபியன் 12 (இன்னொரு லினக்ஸ் வகை) போட்டு, குடும்பப் புகைப்படங்களுக்காக, கோப்புகளைச் சேமித்துப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளை நிறுவினேன். வீட்டுக்குள் அருமையாகத் திறக்கிறது. திருச்சியில் இருக்கும் மகளுக்குத் திறக்கவில்லை. ரவுட்டரில் 443-ஆம் போர்ட்டை என் கணினிக்குத் திருப்பியும் விட்டேன்.

பதில்: ஐயா, தானாகவே கற்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், மிகுந்த மகிழ்ச்சி. உங்கள் அமைப்பில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி முகவரி என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் இணைய இணைப்பு ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டர் வரை வருவதே இல்லை. நிலையான பொது முகவரியைக் கூடுதல் கட்டணத்தில் தருகிறார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

இல்லையென்றால், மிகச் சிறிய வாடகைச் சர்வர் ஒன்றை எடுத்து, வீட்டுக் கணினியிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற பாதுகாப்பான சுரங்க இணைப்பு கொடுங்கள். 2020-இல் வந்த 5.6 பதிப்பு முதல், இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலிலேயே அது சேர்ந்திருக்கிறது. டெபியன் 12-இல் கருவிகளை மட்டும் நிறுவினால் போதும். இணைப்பை உள்ளிருந்து வெளியே தொடங்குவதால் தடை இல்லை, மகள் அந்த வாடகைச் சர்வரின் பொது முகவரி வழியாக உங்கள் கணினிக்கு வரலாம். 25 நொடிக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். கணினிக்கு ஒரு யூபிஎஸ் அவசியம். மின்வெட்டு நேரத்தில் தரவுத்தளம் எழுதிக்கொண்டிருந்தால் புகைப்படங்கள் இருந்தும் பட்டியல் கெட்டுவிடக்கூடும்.

கேள்வி (மர்ஃபி டவுன், ஆசிரியை): பள்ளித் தளத்தில் 12 எம்பி பாடக் கோப்பை ஏற்றினால் 413 (அளவு மிகப் பெரிது என்ற பிழை) வருகிறது. தமிழில் நீண்ட பெயர் வைத்த கோப்பு ஏறவே மறுக்கிறது. கட்டுரைகளின் இணைய முகவரியும் பாதியில் அறுகிறது.

பதில்: 413-க்கு மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். என்ஜின்எக்ஸின் இயல்பான வரம்பு 1 எம்பி. அதைத் தாண்டினால் பிஎச்பி ஒரு கோப்புக்கு 2 எம்பியும், மொத்த அனுப்புதலுக்கு 8 எம்பியும் வைத்திருக்கிறது. மூன்றையும் உயர்த்தி இரண்டு சேவைகளையும் மறுபடி தொடங்குங்கள்.

மற்ற இரண்டும் தமிழுக்கே உரிய தொல்லைகள். லினக்ஸில் கோப்பின் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. தமிழில் அது 85 குறியீடுகள். "கி" என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்குக் ககரமும் இகரக் குறியுமாக இரண்டு. ஆக, நாற்பது ஐம்பது எழுத்துகளிலேயே இடம் தீர்ந்துவிடும். வேர்ட்பிரஸில் இணைய முகவரியின் நிலை இன்னும் மோசம்: ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்துகளாக விரிந்து, 200 எழுத்து வரம்பில் 22 குறியீடுகளோடு வெட்டுப்படுகிறது. தலைப்பை முழுத் தமிழில் வையுங்கள். முகவரிக்கு மட்டும் இரண்டு மூன்று சிறிய தமிழ்ச் சொற்களைக் கையால் எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு மாற வேண்டிய அவசியம் இல்லை.

கேள்வி (காக்ஸ் டவுன்): தினமும் இரவு காப்புநகல் எடுக்கிறேன். வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: அதை ஒருமுறையாவது மீட்டுப் பார்த்ததுண்டா? நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், சர்வரின் வட்டு நிரம்பியதால் பல மாதங்களாகக் காப்புநகல் கோப்புகள் வெறும் பெயரோடு, உள்ளே ஒரு பைட்டும் இல்லாமல் உருவாகிக்கொண்டிருந்தன. தேவைப்பட்ட நாளில்தான் தெரிந்தது. இந்த வார இறுதியில் வேறொரு கணினியில் லினக்ஸ் போட்டு, உங்கள் காப்புநகலை மட்டும் வைத்துத் தளத்தை எழுப்பிப் பாருங்கள். தரவுத்தளம் தவிர, என்ஜின்எக்ஸ் அமைப்பு, பதிவேற்றிய படங்கள், கடவுச்சொல் கோப்பு இவற்றில் ஏதோ ஒன்று விடுபட்டிருப்பது அப்போது தெரியவரும். எது விடுபட்டிருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.