ஜனவரியில் புடாபெஸ்ட் போனால் குளிரில் எதையாவது சுற்றிப் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். வெந்நீர்க் குளியலுக்காகவே நான் குளிர்காலத்தைத்தான் சொல்வேன்.

குளிரைச் சமாளித்துவிடலாம். சீக்கிரம் இருட்டிவிடுவதை மனதில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். ஜனவரித் தொடக்கத்தில் மாலை 4 மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். அதனால் கோட்டைக் குன்று, மீனவர் கொத்தளம் போன்ற திறந்தவெளி இடங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியக் குளிரில் நாடாளுமன்றத்துக்குள் இருக்கலாம். ஹங்கேரி மன்னர்கள் சூடிய கிரீடம் அங்கே குவிமாடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுவது நல்லது.

வெளியே வந்து ஆற்றங்கரையோரம் கொஞ்சம் தெற்கே நடந்தால் 60 ஜோடி இரும்புக் காலணிகள் வரிசையாக இருக்கும். 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களை டான்யூப் கரையில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். அதன் நினைவாக 2005இல் வைத்தது. கோடையில் போகிறவர்களுக்கு இது ஒரு சிற்பம். கையுறை போட்டும் விரல் மரத்துப்போகும் நாளில் அங்கே நின்றால்தான் வெறுங்காலோடு நின்றவர்களின் நிலை உறைக்கும். தயவுசெய்து அந்தக் காலணிகளில் கால் வைத்துப் படம் எடுக்காதீர்கள்.

இருட்டிய பிறகு 2ஆம் எண் டிராமில் ஏறி ஆற்றுப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். விளக்கொளியில் சங்கிலிப் பாலமும் எதிர்க்கரையில் அரண்மனையும் வரிசையாக வரும். சாதாரண டிராம் டிக்கெட்டே போதும். இதற்காகப் படகுச் சவாரிக்குச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

சேச்செனி வெந்நீர்க் குளங்களுக்கும் மாலையில் போங்கள். 1913இல் திறந்த மஞ்சள் நிற மாளிகை அது. பூமிக்கடியிலிருந்து 70 டிகிரிக்கு மேல் கொதித்து வரும் நீரை ஆற்றிக் குளங்களில் விடுகிறார்கள். திறந்தவெளிக் குளத்தில் சூடு 38 டிகிரி வரை இருக்கும். உடை மாற்றும் அறையிலிருந்து குளம் வரைக்கும் ஓடும் அந்தச் சில நொடிதான் கஷ்டம். இறங்கிவிட்டால் தலையில் பனி விழும், கழுத்துக்குக் கீழே இதமான சூடு. எழுந்து வர மனமே வராது. சில முதியவர்கள் தண்ணீரில் நின்றபடியே சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள். நீச்சலுடை கட்டாயம். துண்டும் ரப்பர் செருப்பும் கையோடு கொண்டுபோங்கள். தலையை நனைக்காமல் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டே குளிக்கலாம்.

அங்கே போக 1ஆம் எண் மெட்ரோவில் ஏறுங்கள். 1896இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பியப் பெருநிலப்பரப்பின் முதல் சுரங்க ரயில். சாலையிலிருந்து கொஞ்சம் படி இறங்கினாலே நடைமேடை. குளியலகத்தின் பெயரிலேயே நிறுத்தம் உண்டு. பக்கத்துப் பூங்காவில் பெரிய பனிச்சறுக்குத் தளமும் இருக்கிறது. குழந்தைகளோடு போனால் குளியலுக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள், ஈரத்தலையோடு வெளியே நிற்கவே கூடாது.

கிறிஸ்துமஸ் சந்தைதான் முக்கியம் என்றால் ஜனவரி சரிப்படாது, டிசம்பரிலேயே போய்விடுங்கள்.