தூண்டிலில் ஏழுவரி ஆமை சிக்கினால்…

கேள்வி: தூத்தூரிலிருந்து ஆழ்கடல் மீன்பிடிக்குப் போகிறவர்கள் நாங்கள். போன தங்கலில் (பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கும் பயணத்தில்) எங்கள் ஆயிரங்கால் தூண்டிலில் (நீண்ட கயிற்றில் பல தூண்டில்கள் தொங்குவது) ஓடே இல்லாத ஒரு பெரிய கறுப்பு ஆமை மாட்டியது. தூக்க முடியாமல் கயிற்றை வெட்டி விட்டோம். செய்தது சரியா? வெளியே சொன்னால் வழக்கு வருமா?

பதில்: நீங்கள் பார்த்தது ஏழுவரி ஆமை. கடலாமைகளில் இதுதான் பெரியது, 500 கிலோவுக்கு மேலும் வளரும். அதைத் தூக்காமல் விட்டதே நல்லது. ஓட்டுக்குப் பதில் தோல் என்பதால் படகின் விளிம்பில் உரசினாலே கிழியும். துடுப்பைப் பிடித்து இழுத்தால் மூட்டு விலகும்.

வெட்டியதும் சரி. எந்த இடத்தில் வெட்டினீர்கள் என்பதுதான் கேள்வி. கைக்கு எட்டிய இடத்தில் வெட்டினால் பல மீட்டர் தங்கூசி (தூண்டில் நரம்பு) ஆமையோடு போகும். அது துடுப்பில் சுற்றி இறுகி, நாளடைவில் துடுப்பையே அறுத்துவிடும். ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் சாகும். ஆகவே எஞ்சினை நியூட்ரலில் போட்டு, ஆமையை மெதுவாகப் படகோரம் கொண்டுவந்து, நீளக் கம்பில் கத்தியைக் கட்டி, தூண்டில் முள்ளுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அங்கே வெட்டுங்கள். இந்த ஆமை சொறியை (ஜெல்லிமீனை) தின்று வாழ்வது. இரையை விழுங்குவதைவிடத் தோளிலோ துடுப்பிலோ முள் குத்திச் சிக்குவதுதான் அதிகம். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளுக்கு மாறினால் அது குறையும்.

செவுள் வலையில் சிறிய ஆமை, பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) போல, அசைவில்லாமல் வந்தால் செத்தது என்று உடனே எறியாதீர்கள். குப்புறக் கிடத்தி, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, ஈரத்துணி போட்டு நிழலில் வையுங்கள். மூக்கை மட்டும் மூட வேண்டாம். தெளிய சில மணி நேரம் பிடிக்கும், ஒரு நாள்கூட ஆகலாம்.

வழக்கைப் பற்றி: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இருக்கிறது. வேண்டுமென்று பிடிப்பதும் கொல்வதும், கறியையோ முட்டையையோ வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். செத்ததாக இருந்தாலும் கரைக்குக் கொண்டுவராதீர்கள். தானாகச் சிக்கியதை உயிரோடு விட்டதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

இந்தியாவில் இவை முக்கியமாக முட்டையிடுவது அந்தமான் நிக்கோபார் தீவுகளில். அங்கே பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில் துறைமுகத் திட்டமும் வருகிறது. என் கவலை அதிலும் உண்டு. சின்ன அந்தமானில் கருவி பொருத்தி விட்ட ஆமைகளில் சில ஆஸ்திரேலியா பக்கமும், சில ஆப்பிரிக்கக் கரைப் பக்கமும் போயிருக்கின்றன. அதனால் அடுத்த முறை பின் துடுப்பில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்குப் போட்ட, எண் பொறித்த உலோகப் பட்டை தெரிந்தால் பிடுங்காமல் படமெடுத்து, எண்ணையும் ஜிபிஎஸ் இடத்தையும் குறித்து, கரை வந்ததும் மீன்வளத் துறையிடமோ வனத்துறையிடமோ கொடுங்கள்.