சைபர் விட்டுப்போன 644

கேள்வி: பெர்ல் ஸ்கிரிப்டில், ஃபைல் அனுமதியை மாற்றும் சிஎச்மாடுக்கு (chmod) 644 கொடுத்தேன் அண்ணா. எரர் எதுவும் வரவில்லை. ஆனால் என் ஃபைலை நானே திறக்க முடியவில்லை. டெர்மினலில் இதே 644 ஒழுங்காக வேலை செய்கிறதே?

பதில்: டெர்மினலில் நீங்கள் தரும் இலக்கங்களை சிஎச்மாட் ஆக்டலாகவே, அதாவது எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். பெர்லுக்கு 644 என்றால் அறுநூற்று நாற்பத்து நான்குதான். எட்டால் வகுத்துப் பாருங்கள்: 80, மீதி 4. அடுத்து 10, மீதி 0. அடுத்து 1, மீதி 2. கடைசி ஈவிலிருந்து மேல்நோக்கிப் படித்தால் 1204. முதல் 1 ஸ்டிக்கி பிட் என்ற தனிக்குறி, இங்கே அதை விட்டுவிடலாம். 2 உங்களுக்கு: எழுதலாம், படிக்க முடியாது. குழுவுக்கு 0. மற்ற எல்லோருக்கும் 4, தாராளமாகப் படிக்கலாம். வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டுத் தெருவில் போகிறவரை உள்ளே கூப்பிட்ட கதை! லினக்ஸுக்கு இதுவும் செல்லுபடியாகும் அனுமதிதான். அதனால்தான் எரர் இல்லை. 0644 என்று சைபரோடு எழுதுங்கள்.

கேள்வி: சைபர் இருந்தும் எனக்கு அதே கதிதான். கான்ஃபிக் ஃபைலிலிருந்து "0644" எடுக்கிறேன்.

பதில்: அங்கிருந்து வருவது எண் இல்லை, சரம் (ஸ்டிரிங்). சரத்தை எண்ணாக்கும்போது பெர்ல் முன்சைபரைக் கண்டுகொள்ளாது. மறுபடி அதே 644. சரத்தை ஆக்டலாகப் படிக்கும் ‘ஆக்ட்’ (oct) ஃபங்ஷனில் போட்டு எடுங்கள். ஆனால் கோடில் நேரடியாக எழுதிய 0644-ஐ அதற்குள் போடாதீர்கள். அது ஏற்கெனவே தசமத்தில் 420 ஆகியிருக்கும்; ‘ஆக்ட்’ அதை மறுபடி ஆக்டலாகப் படித்து 272 ஆக்கிவிடும். 272-ஐ ஆக்டலில் எழுதினால் அனுமதி 0420: உங்களுக்குப் படிக்க மட்டும், குழுவுக்கு எழுத மட்டும். ஒரு சாயங்காலம் முழுக்க இதில் நானே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பைத்தானில் 0755 போட்டால் சின்டாக்ஸ் எரர்?

பதில்: பைத்தான் 3-ல் சைபருக்கும் 755-க்கும் நடுவில் ஆங்கில ‘ஓ’ எழுத்து வேண்டும். இந்த முரண்டு எனக்குப் பிடிக்கும். வெறும் 755 எழுதினால் மட்டும் அதுவும் வாய் திறக்காது.

கேள்வி: ஃபைலின் விவரம் தரும் ஸ்டாட் (stat) 33188 காட்டுகிறது சார். இது என்ன அனுமதி?

பதில்: ஃபைலின் வகையும் அதில் சேர்ந்திருக்கிறது. சாதாரண ஃபைலுக்கான 32768-ஐக் கழித்தால் 420, அதாவது 0644. ஸ்கிரிப்டில் கழிக்க வேண்டாம். அனுமதி பிட்கள் மட்டும் மிஞ்ச, ஆக்டல் 7777-உடன் பிட்வைஸ் ‘அண்ட்’ செய்து, ஆக்டலாகவே அச்சிடுங்கள்.

கேள்வி: ஜேசன் (JSON) வடிவ டேட்டா ஃபைலில் 0644 எழுத விடவில்லையே?

பதில்: ஜேசன் எண்களுக்கு முன்சைபர் ஆகாது. 420 என்றே எழுதுங்கள். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெடீஸில், ஃபைல் அனுமதியைக் குறிக்கும் டீஃபால்ட்மோட் என்ற இடத்தில் 420 நிற்பதும் இதனால்தான்.