டூலா சான்றிதழுக்குப் பணம் கட்டுமுன் பிரசவ விடுதியில் கேளுங்கள்

கேள்வி: மல்லாவியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அக்காவின் பிள்ளைப்பேற்றின்போது கடைசிவரை அவருடன் இருந்தது நான்தான். அன்றிலிருந்து இந்த வேலையில் ஒரு விருப்பம். "இரண்டே நாளில் சர்வதேச டூலா சான்றிதழ்" என்று முகநூலில் ஒரு விளம்பரம் வந்தது. சூம் வகுப்பாம். இதைப் படித்தால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வைத்தியசாலையில் வேலை கிடைக்குமா? எந்தப் பயிற்சி நல்லது?

பதில்: வேலை கிடைக்காது, தங்கச்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த விளம்பரம் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது இதைத்தான். நம் ஊர் மருத்துவமாது அரச பயிற்சி முடித்து இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவர். டூலா மருத்துவப் பணியாளர் அல்லர். பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் வலியின்போதும் பிறகும் தாய்க்கு ஆறுதலாகவும் கைத்துணையாகவும் நிற்பவர். பெரும்பாலான நாடுகளில் இதற்கு அரச உரிமம் கிடையாது. அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய டோனா அமைப்பு இத்துறையில் பெயர் பெற்றது. அதுவும் தனியார் அமைப்புத்தான். "சர்வதேச" என்று அச்சடிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அதற்காக இந்த எண்ணத்தைக் கைவிடச் சொல்லவில்லை. பிரசவத்தில் இடைவிடாத துணை என்ன மாற்றம் தருகிறது என்று மொத்தம் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை கொக்ரேன் அமைப்பு 2017இல் தொகுத்துப் பார்த்தது. துணை இருந்தபோது இயல்பான பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரமும் கொஞ்சம் சுருங்கியது. தாய் விரும்பும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. நம் பக்கத்தில் இதன் தேவை இன்னும் ஆழமானது. 2009இல் தாயை இழந்த சிறுமிகள் இன்று பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். முதுகைத் தடவிவிடவும், பத்தியச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுக்கவும் ஆளில்லாத வீடுகள் வன்னியில் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும்.

இனிப் பயிற்சியைப் பற்றி. வலி வரும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியை இடுப்பெலும்புக்கு நடுவே, முதுகு முடியும் இடத்தில் வைத்து அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்துவது? "கூட்டவா, குறைக்கவா?" என்று கேட்டுக்கேட்டுத்தான் பிடிபடும். சில வேளை தாய் கையைத் தட்டிவிடுவார். அப்போது கோபிக்காமல் கையை எடுத்துவிட்டு, அடுத்த வலிவரை பேசாமல் பக்கத்தில் இருக்கத் தெரிய வேண்டும். இதைத் திரையைப் பார்த்துப் படிக்க முடியாது. அதனால் நான் முதலில் பார்ப்பது நேரடிப் பயிற்சி இருக்கிறதா என்பதைத்தான். டோனாவின் பட்டறை குறைந்தது 16 மணித்தியாலம். அதோடு முடிவதும் இல்லை. உண்மையான பிரசவங்களில் துணைநின்று, அந்தத் தாய்மாரிடமும் அங்கிருந்த பணியாளரிடமும் மதிப்பீடு வாங்கிக் கொடுத்த பிறகுதான் சான்றிதழ். வகுப்பில் இருந்ததற்கான கடதாசி வேறு, சான்றிதழ் வேறு. விளம்பரக்காரர் உங்களுக்குத் தரப்போவது முதலாவதாகத்தான் இருக்க வேண்டும்.

செய்யக்கூடாதவற்றை எவ்வளவு கண்டிப்பாகச் சொல்லித் தருகிறார்கள் என்றும் பாருங்கள். உள்பரிசோதனை, மருந்து, பிள்ளையை எடுப்பது, வைத்தியரின் முடிவைத் தாய்க்குப் பதிலாக மறுப்பது எதுவும் டூலாவின் வேலை இல்லை. வீட்டில் பேறு பார்க்கலாம் என்று ஒருவர் கற்பித்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இரத்தப்போக்கு, காய்ச்சல், கடும் தலையிடி, கண் மங்கல் கண்டால் உடனே 1990 அம்புலன்சை அழைக்கச் சொல்லித் தர வேண்டும்.

பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சான்றிதழுக்குப் பிரசவங்கள் வேண்டும், பிரசவ விடுதியின் கதவைத் திறப்பதோ வைத்தியசாலை. துணைக்கு ஆள் விடும் இடங்களிலும் தாய்க்கு ஒருவர்தான். கட்டில்களுக்கு நடுவே திரைச்சீலை மட்டும் இருக்கும் விடுதியில் மற்றத் தாய்மாரின் மறைவையும் பார்க்க வேண்டும் அல்லவா? ஆகவே பணம் கட்டுமுன் உங்கள் பிரிவு மருத்துவமாதுவிடம் பேசுங்கள். அவர் மூலம் சுகாதார வைத்திய அதிகாரியையும், பிறகு வைத்தியசாலைப் பணிப்பாளரையும் சந்தியுங்கள். குடும்பத்தவர் அல்லாத ஒருவரைத் தாய் கேட்டால் விடுவார்களா என்று நேராகக் கேளுங்கள். நிறுவனம் இலங்கையில் இருந்தால், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா என்றும் பாருங்கள்.

என்னைக் கேட்டால், பேற்றுக்குப் பிந்திய டூலா பயிற்சியில் தொடங்குங்கள். அதற்கு விடுதி அனுமதி தேவையில்லை. பிள்ளை பிறந்த முதல் பத்து நாள்களில் மருத்துவமாது வீட்டுக்கு வருவார், ஆனால் முழு நாளும் அவரால் இருக்க முடியாது. பால் கொடுக்கப் பக்கத்தில் இருப்பது, தாயைத் தூங்கவைத்துப் பிள்ளையைப் பார்ப்பது, சமையல், மனச்சோர்வின் அறிகுறி தெரிந்தால் மருத்துவமாதுவிடம் சொல்வது எல்லாம் அந்த இடைவெளியில் வரும் வேலைகள். முன்பள்ளி நேரம் முடிந்தபின் செய்யலாம்.

கட்டணம் கேட்கும்போது வகுப்புக் காசை மட்டும் கேட்காதீர்கள். அங்கத்துவம், சான்றிதழ் விண்ணப்பம், புதுப்பித்தல், புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் ரூபாயில் ஒரே கணக்காக எழுதி வாங்குங்கள். புத்தகமும் பரீட்சையும் தமிழில் உண்டா என்றும் கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால், அங்கே கட்ட வேண்டாம்.