அபாய மணி அடிக்கும்போது காதல் எப்படி?

கேள்வி: விண்கலத்தில் நடக்கும் காதல் கதை ஒன்றை எழுதிவருகிறேன். அவள் பொறியாளர், அவன் விமானி. விண்கல் மோதி ஆக்சிஜன் கசிகிறது. ஆபத்தை எழுதினால் காதல் காணாமல் போகிறது. காதலை எழுதினால் ஆபத்து மறந்துபோகிறது. ‘இரண்டு கதையை ஒட்டிவைத்த மாதிரி இருக்கிறது’ என்கிறாள் தோழி. கடைசியில் அவன் உயிரைக் கொடுத்து அவளைக் காப்பாற்றுகிறான். இது சரியாக வருமா?

பதில்: தோழி சொல்வது சரிதான். நீங்கள் அனுப்பிய பகுதியில் அபாய மணி அடிக்கிறது, இருவரும் ஜன்னலோரம் நின்று மூன்று பக்கம் பேசுகிறார்கள். (எடையற்ற இடத்தில் நிற்கவும் முடியாது, அது வேறு விஷயம்.) காதலைச் சொல்ல அவர்கள் ஏன் வேலையை நிறுத்த வேண்டும்? வேலையிலேயே அது தெரியட்டும்.

விண்வெளியே அதற்கு வழி தருகிறது. எடையற்ற நிலையில் சூடான காற்று மேலே எழாது. விசிறி நின்றுவிட்டால், தூங்குபவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கும். அந்தக் கார்பன் டை ஆக்சைடையே திரும்ப இழுத்துத் தலைவலியோடு எழுந்திருப்பார். உங்கள் கலத்தில் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க விசிறிகளை அணைக்கட்டும். அவள் களைத்துத் தூங்குகிறாள். அவன் ஒரு காலைக் கம்பியில் மாட்டிக்கொண்டு, தன் ஓய்வு நேரம் முழுக்கக் கையேட்டு அட்டையால் அவளுக்கு விசிறுகிறான். வசனமே வேண்டாம். ஆனால் கையை ஆட்ட ஆட்ட அவனுக்கு ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும். விழித்ததும் அவள் முதலில் திட்டட்டும். பொறியாளர் அல்லவா, கணக்குத் தெரியுமே!

விண்கல் மோதலுக்கு இத்தனை பக்கம் வேண்டாம். 1970 ஏப்ரலில், நிலவுக்குக் கிளம்பிய அப்போலோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது ஒரு நொடிச் சமாசாரம். அதற்கு அப்புறம் வந்த நாட்கள்தான் கதை. நிலவில் இறங்க இரண்டு பேருக்காகக் கட்டிய சிறு கலத்தில் மூன்று பேர் ஒதுங்கினார்கள். கடுங்குளிர், அளந்து குடித்த தண்ணீர். கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சதுரப் பெட்டி அங்கிருந்த வட்டமான இடத்தில் பொருந்தாமல், பிளாஸ்டிக் பையும் அட்டையும் ஒட்டுநாடாவும் வைத்துப் பொருத்தினார்கள். நாடாவை ஒருவர் பிடிக்க இன்னொருவர் ஒட்டும் அந்த மாதிரி நேரத்தில் உங்கள் ஆட்களை அருகருகே விடுங்கள்.

அழுகைக் காட்சியையும் திருத்துங்கள். அங்கே கண்ணீர் கன்னத்தில் வழியாது. கண்ணிலேயே திரண்டு ஒட்டிக்கொள்ளும், துடைத்துத்தான் எடுக்க வேண்டும். யார் துடைப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முடிவுக்கு வருவோம். அவனைச் சாகடிப்பது எழுதுகிறவருக்கு வசதி. பிழைத்த இருவரும் என்ன பேசிக்கொள்வார்கள் என்று யோசிக்க வேண்டாம் பாருங்கள். தவிர, அவன்தானே விமானி? அவன் போனபிறகு கலத்தைத் தரையிறக்குவது யார்? அவள் என்றால், அவளுக்கு அவன் ஓட்டக் கற்றுத்தரும் ஓர் அத்தியாயம் முன்னாலேயே வந்தாக வேண்டும். அதை எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அவனைக் கொல்ல மனம் வந்தால் கொல்லுங்கள்.